மேட்டில் நிற்காத ஹேண்ட்பிரேக்: கேபிளை முறுக்குவதற்கு முன்

"ஹேண்ட்பிரேக் பிடிக்கலையா? கேபிள் லூஸாயிருக்கும். ரெண்டு சுற்று டைட் வெச்சா சரியாயிடும்."

பினாங்கில் கார் வைத்திருக்கும் யாரிடம் கேட்டாலும் முதலில் கிடைக்கும் பதில் இதுதான். பக்கத்து வீட்டு அண்ணன் சொல்வார், மச்சான் சொல்வார், சில பட்டறைகளில் கேட்காமலேயே செய்தும் கொடுத்துவிடுவார்கள். கைப்பிடி கெட்டியாகிவிடும், நமக்கும் மனம் நிறைந்துவிடும். அடுத்த வாரம் பாயா தெருபோங் பக்கம் ஏதாவதோர் அடுக்குமாடிச் சரிவில் காரை நிறுத்திக் காலை எடுத்தால், அது மெல்லப் பின்னால் ஊரும்.

கைப்பிடி எத்தனை தூரம் மேலே வருகிறது என்பது ஒரு கேள்வி. கார் சரிவில் நிற்கிறதா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதால்தான் கேபிள் மேலேயே எல்லாப் பழியும் விழுகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால், காருக்கு அடியில் போகாமலேயே கோளாறு எங்கே என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

## சைக்கிளிலிருந்து தொடங்குவோம்

பழைய சைக்கிளின் பிரேக்கை நினைத்துப் பாருங்கள். கைக்கு எட்டும் இடத்தில் ஒரு நெம்பு. அதை அழுத்தினால், ஓர் உறைக்குள் ஓடும் கம்பி இழுபடும். கம்பியின் மறுமுனையில் இரண்டு ரப்பர் கட்டைகள். அவை சக்கரத்தின் விளிம்பைக் கவ்வும். அவ்வளவுதான்.

இந்தப் பிரேக் பிடிக்காமல் போக எத்தனை வழி இருக்கிறது? கம்பி நீண்டு தளர்ந்திருக்கலாம். அல்லது ரப்பர் தேய்ந்திருக்கலாம். இந்த இரண்டிலும் நெம்பு முழுக்க உள்ளே வந்துவிடும். மூன்றாவதாக, விளிம்பில் எண்ணெய் பட்டிருக்கலாம். அப்போது நெம்பு நல்ல கெட்டியாகத்தான் இருக்கும், ரப்பரும் ஒழுங்காகக் கவ்வும், ஆனால் சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடும். நான்காவதாக, உறைக்குள் கம்பி துருப்பிடித்துச் சிக்கியிருக்கலாம். நெம்பு கல்லாக இருக்கும், ஆனால் இழுப்பு ரப்பர் வரைக்கும் போய்ச் சேர்ந்தே இருக்காது.

கம்பியை இறுக்க ஒரு சிறு திருகு உண்டு. முதல் கோளாறுக்கு அது சரியான மருந்து. இரண்டாவதுக்குத் தற்காலிகச் சமாளிப்பு. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் அந்தத் திருகால் ஒரு பயனும் இல்லை. ஹேண்ட்பிரேக்கின் கதையும் கிட்டத்தட்ட முழுதாக இதுதான். இனி காருக்கே போவோம்.

## காரின் அடியில் என்ன இருக்கிறது

ஓட்டும்போது மிதிக்கும் கால் பிரேக், எண்ணெய் அழுத்தத்தால் வேலை செய்கிறது. கால் கொடுக்கும் விசை, குழாய்களில் உள்ள பிரேக் எண்ணெய் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் போகிறது. ஹேண்ட்பிரேக் அப்படியல்ல. அது கம்பியால் இழுபடுவது, பெரும்பாலான கார்களில் பின்சக்கரங்கள் இரண்டை மட்டும் பிடிப்பது. வேண்டுமென்றேதான் இப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எண்ணெய்க் குழாயே வெடித்துப் போனாலும் நிறுத்திய கார் நிற்க வேண்டுமல்லவா? ஆகவே, "பிரேக் எண்ணெய் மாற்றினால் ஹேண்ட்பிரேக் நன்றாகப் பிடிக்கும்" என்று யாராவது சொன்னால், சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வந்துவிடலாம்.

கைப்பிடியை இழுக்கும்போது 'டிக் டிக்' என்று கேட்கிறதே, அது ராட்செட். ஒரு பல் வரிசையும், அதில் ஒரு பக்கம் மட்டும் நகரவிடும் ஒரு கொக்கியும் சேர்ந்ததுதான் ராட்செட். கைப்பிடி தானாகக் கீழே விழாமல் இருப்பது அதனால்தான். எத்தனை 'டிக்' கேட்கிறது என்று எண்ணிப் பழகுங்கள். காசு செலவில்லாத முதல் பரிசோதனை அதுதான். எத்தனை இருக்க வேண்டும் என்பது ஒவ்வொரு காருக்கும் மாறும், கையேட்டில் போட்டிருப்பார்கள். பல கார்களில் அது ஐந்துக்கும் ஒன்பதுக்கும் இடையே எங்காவது இருக்கும்.

கைப்பிடியிலிருந்து வரும் ஒற்றை இழுப்பை இடது வலது சக்கரங்களுக்குச் சமமாகப் பகிர்ந்து கொடுக்க, நடுவில் ஒரு சிறு குறுக்குத் தகடு உண்டு. அதற்கு ஈக்வலைசர் என்று பெயர். அதிலிருந்து இரண்டு கேபிள்கள் கிளம்பிப் பின்சக்கரங்களுக்குப் போகும்.

மைவி, சாகா போன்ற நம் ஊர் கார்களில் பின்சக்கரத்துக்குள் இருப்பது டிரம். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வட்டமான இரும்புக் கூடு அது. அதற்குள் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள் சுழலாமல் நிற்கும். ஷூவின் வெளிப்பக்கம் ஒட்டியிருக்கும் தேயும் பட்டைதான் லைனிங். கேபிள் இழுபட்டால் இரண்டு ஷூக்களும் வெளியே விரிந்து டிரம்மின் உட்சுவரை அழுத்தும். அந்த உராய்வுதான் காரைப் பிடித்து வைக்கிறது. கால் பிரேக் மிதிக்கும்போது எண்ணெய் அழுத்தத்தால் விரிவதும் இதே ஷூக்கள்தான். இழுக்கும் வழி வேறு, கடைசியில் பிடிப்பது ஒன்றே. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

டிரம்முக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. சக்கரம் உருள முயலும்போது, இரண்டில் ஒரு ஷூவை டிரம்மே தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். அதனால்தான் கையின் சிறு விசைக்கே ஒரு காரை நிறுத்திவைக்க முடிகிறது.

லைனிங் தேயத் தேய, ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளி கூடும். அதைக் குறைத்து வைக்க ஷூக்களுக்கு நடுவே பல் வைத்த ஒரு சிறு திருகு இருக்கிறது. அதுதான் அட்ஜஸ்டர். இப்போதைய கார்களில் பிரேக்கைப் பயன்படுத்தப் பயன்படுத்தத் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். துருவும் லைனிங் தூசும் ஏறிவிட்டால் திரும்பாது, அப்படியே நின்றுவிடும்.

பின்சக்கரத்தில் டிஸ்க் இருக்கும் கார்களில் அமைப்பு கொஞ்சம் மாறும். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் தட்டு. அதை இரு பக்கமும் கவ்வும் பாகம் காலிப்பர். சில கார்களில் கேபிள் அந்தக் காலிப்பரையே நெம்பி இறுக்கும். வேறு சிலவற்றில் டிஸ்கின் நடுப்பகுதிக்குள் ஹேண்ட்பிரேக்குக்கென்றே தனியாக ஒரு குட்டி டிரம் ஒளிந்திருக்கும். கைப்பிடிக்குப் பதில் இடது காலால் மிதிக்கும் பெடல் வைத்த பழைய எஸ்டிமா போன்ற வண்டிகளும் ஓடுகின்றன. இழுப்பது கையா காலா என்பதைத் தவிர அடிப்படையில் வித்தியாசமில்லை.

சுருக்கமாக: கைப்பிடி, ராட்செட், ஈக்வலைசர், கேபிள், ஷூ, லைனிங், டிரம். இழுப்பு இந்த வரிசையில்தான் போகிறது. எங்கே அறுந்தாலும், சிக்கினாலும், வழுக்கினாலும் நமக்குத் தெரிவது ஒன்றுதான்: கார் நகர்கிறது.

## சரிவு எவ்வளவு இழுக்கும்?

"வீட்டு வாசலில் நிற்கிறது, கோயில் மேட்டில் மட்டும் நிற்கமாட்டேங்குது" என்று சிலர் வியப்பார்கள். வியக்க ஒன்றுமில்லை. சரிவை விழுக்காட்டில் சொல்வது வழக்கம். 20 விழுக்காடு என்றால், கிடையாக 100 மீட்டர் போகும்போது 20 மீட்டர் உயர்வது. கோணத்தில் அது ஏறத்தாழ 11 பாகைதான். கேட்கச் சிறிதாக இருக்கும், காரில் உட்கார்ந்து பார்த்தால் வானம் தெரியும். 100 விழுக்காடு என்றால் செங்குத்துச் சுவர் என்று பலர் நினைக்கிறார்கள். அது 45 பாகை மட்டுமே.

சரிவு இழுக்கும் விசையைக் கணக்கிடுவது சுலபம். காரின் எடையில் அந்த விழுக்காடு, கிட்டத்தட்ட அவ்வளவுதான். 1000 கிலோ எடையுள்ள சிறிய கார் 5 விழுக்காட்டுச் சரிவில் ஏறத்தாழ 50 கிலோ அளவு இழுக்கும், 10 விழுக்காட்டில் 100 கிலோ, 20 விழுக்காட்டில் 196 கிலோ. அதே காரில் ஐந்து பேர் ஏறி, பின்னால் பால்குடமும் பழத்தட்டும் பாத்திரங்களும் அடுக்கித் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பக்கம் போனால் எடை 1350 கிலோ ஆகிவிடலாம். அப்போது 20 விழுக்காட்டுச் சரிவில் ஹேண்ட்பிரேக் தாங்க வேண்டியது ஏறத்தாழ 265 கிலோ. கோளாறு நேற்று வந்ததாக இருக்காது. பாதி பலத்தில் இருந்த ஹேண்ட்பிரேக்குக்கு முழுப் பரீட்சை வந்தது அன்றுதான்.

எவ்வளவு பிடித்தால் நல்ல ஹேண்ட்பிரேக் என்பதற்கு ஓர் அளவுகோலும் உண்டு. பயணிகள் கார்களின் பிரேக்குக்கான ஐ.நா. விதி 13-எச், முழுச் சுமையோடு 20 விழுக்காட்டுச் சரிவில், மேல் நோக்கியும் கீழ் நோக்கியும் கார் நிற்க வேண்டும் என்கிறது. அதற்குக் கையால் கொடுக்க வேண்டிய விசையும் 400 நியூட்டனை, அதாவது ஏறத்தாழ 40 கிலோவைத் தாண்டக் கூடாது. ஆகவே இரண்டு கையாலும் தொங்கி இழுத்தால்தான் நிற்கிறது என்றால், அது நிற்கிற கணக்கில் சேராது.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இதைப் பலர் கவனிப்பதேயில்லை. நம் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரத்தால் ஓடுபவை. எஞ்சின் முன்னால் இருப்பதால் பின்பக்கம் எடை குறைவு. மூக்கைக் கீழ்நோக்கி வைத்து நிறுத்தினால் எடை இன்னும் கொஞ்சம் முன்னால் போய்விடும், பின்சக்கரம் மேலும் லேசாகும். மழையில் நனைந்து பாசி படிந்த சிமெண்டுச் சரிவில், ஹேண்ட்பிரேக் சக்கரத்தை அசையாமல் பிடித்திருக்க, டயரே தரையில் சறுக்கும். அது பிரேக்கின் கோளாறு அல்ல. கார் நகரும்போது பின்சக்கரம் உருள்கிறதா, உருளாமல் சறுக்குகிறதா என்று வெளியே நிற்கும் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள், காருக்குப் பின்னால் அல்ல, பக்கவாட்டில் தள்ளி நின்று. சறுக்கினால் பட்டறைக்குப் போக வேண்டாம், நிறுத்தும் இடத்தை மாற்றினால் போதும்.

## அறிகுறி எதைச் சொல்கிறது

கைப்பிடி சுலபமாக மேலே மேலே வருகிறது, 'டிக்' எண்ணிக்கை கூடிவிட்டது என்றால், எங்கோ இடைவெளி கூடியிருக்கிறது. லைனிங் தேய்ந்திருக்கலாம், அட்ஜஸ்டர் சிக்கியிருக்கலாம், கேபிள் நீண்டிருக்கலாம். இதில் எது என்று பிரிக்க, கால் பிரேக்கைக் கேளுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே பெடலை ஒருமுறை மிதியுங்கள், விட்டு உடனே மறுபடி மிதியுங்கள். முதல் மிதிக்கு ஆழமாகப் போய், இரண்டாவது மிதிக்கு உயரத்திலேயே நின்றால், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம் என்று பெரும்பாலும் நம்பலாம். கால் பிரேக்கும் ஹேண்ட்பிரேக்கும் ஒரே ஷூவைத்தான் பயன்படுத்துகின்றன என்று சொன்னது இதற்காகத்தான். பெடல் முதல் மிதியிலேயே உயரமாக, திடமாக இருந்து, கைப்பிடி மட்டும் தளர்ந்திருந்தால் கேபிள் மேல் சந்தேகப்படுவது நியாயம்.

கைப்பிடி சரியான உயரத்தில் கெட்டியாக நிற்கிறது, ஆனாலும் கார் உருள்கிறது என்றால், இது வேறு வகை. இங்கே கேபிளை இறுக்குவது வீண் வேலை. பெரும்பாலும் லைனிங்கில் எண்ணெய் பட்டிருக்கும். டிரம்முக்குள் ஷூக்களைத் தள்ளும் சிறு எண்ணெய்க் குழல் கசிந்தால் பிரேக் எண்ணெய் லைனிங்கில் ஊறிவிடும். பின்சக்கரத்தின் உட்பக்கம் ஈரமாக, கறுத்து இருக்கிறதா, எஞ்சின் பக்கம் உள்ள பிரேக் எண்ணெய்ப் புட்டியில் அளவு குறைந்துகொண்டே வருகிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் இது ஹேண்ட்பிரேக் பிரச்சினை மட்டுமல்ல, கால் பிரேக்கும் ஆபத்தில் இருக்கிறது. காரை எடுக்காமல் பட்டறைக்காரரை வீட்டுக்கு வரச் சொல்வதே நல்லது. எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, வெயிலில் காயவைத்து மறுபடி மாட்டும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. வேண்டாம். சூடு ஏறும்போது உள்ளே இறங்கிய எண்ணெய் திரும்ப மேலே வரும். கசிவை நிறுத்திவிட்டு, இரண்டு பக்கத்துக்கும் புது ஷூ போடுவதுதான் வழி.

எண்ணெய் இல்லை, ஆனாலும் பிடி இல்லை என்றால் லைனிங் கண்ணாடி மாதிரி மினுமினுப்பாகியிருக்கலாம். அதிகச் சூட்டில் அப்படி ஆகும். கைப்பிடியைச் சரியாக இறக்காமல் ஓட்டுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

கைப்பிடி இரண்டு மூன்று 'டிக்'கிலேயே கல்லாகிவிடுகிறது என்றால், உறைக்குள் கேபிள் சிக்கியிருக்க வாய்ப்பு உண்டு. தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி, தெலுக் பஹாங் என்று கடலை ஒட்டிக் கார் நிற்கும் வீடுகளில் உப்புக்காற்று இந்த வேலையைச் சீக்கிரமே செய்துவிடும். உறை ஓரிடத்தில் கிழிந்து தண்ணீர் இறங்கினால் போதும். ஒரு பக்கக் கேபிள் மட்டும் சிக்கினால் ஒரு சக்கரம்தான் பிடிக்கும். கார் சமதரையிலும் சிறு சரிவிலும் நிற்கும், பெரிய மேட்டில் கைவிட்டுவிடும்.

கைப்பிடியே மேலே நிற்காமல் நழுவி இறங்கினால் ராட்செட்டின் பல் தேய்ந்திருக்கிறது. அதற்கு ஒரே வைத்தியம், மாற்றுவது.

டாஷ்போர்டில் எரியும் சிவப்பு விளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல கார்களில் பிரேக் எண்ணெய் குறைந்தாலும் அதே விளக்கு எரியும். ஹேண்ட்பிரேக்கைப் பொறுத்தவரை அது கைப்பிடி அசைந்ததைச் சொல்லும் சுவிட்சு மட்டுமே. முதல் 'டிக்'கிலேயே எரிந்துவிடும். சக்கரம் பிடித்ததா என்று அதற்குத் தெரியாது.

## வீட்டில் செய்து பார்க்கக்கூடியது

ஆள் நடமாட்டமில்லாத, பின்னால் வேறு வண்டியோ சுவரோ சாக்கடையோ இல்லாத ஒரு சரிவைத் தேர்ந்தெடுங்கள். கால் பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலுக்கு வாருங்கள். ஹேண்ட்பிரேக்கை வழக்கமாக இழுக்கும் அளவுக்கு இழுங்கள். காலை மெல்ல, மிக மெல்ல எடுங்கள். நகர்ந்தால் உடனே மிதித்துவிடலாம். இதையே காரைத் திருப்பி நிறுத்தி இன்னொரு முறை. மேல்நோக்கி நிற்பதும் கீழ்நோக்கி நிற்பதும் ஒன்றுபோல் இருக்காது.

"ஹேண்ட்பிரேக் போட்டு 'டி'யில் தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை, ஆகவே நன்றாக இருக்கிறது" என்பது இன்னொரு தப்பான முடிவு. ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஆட்டோ கார் தானாக ஊர்ந்து போகும் விசை சிறியது. அதைத் தாங்கும் ஹேண்ட்பிரேக், கெக் லோக் சி கோயில் பக்கத்து மேட்டையும் தாங்கும் என்று சொல்ல முடியாது. நகர்ந்தால் மோசம் என்று நிச்சயமாகச் சொல்லலாம். நகராவிட்டால் ஒன்றும் நிரூபணமாகவில்லை.

ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்க்கத் தெரிந்தவர்கள் இன்னும் ஒரு படி போகலாம். சமதரையில், முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைத்து, ஒரு பின்சக்கரத்தைத் தூக்கி, ஜாக்கிக்குப் பக்கத்தில் தாங்கு ஸ்டாண்டும் வையுங்கள். ஹேண்ட்பிரேக்கை முழுக்க இறக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். பிறகு ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு 'டிக்'காக இழுக்க, நீங்கள் சுற்றிப் பாருங்கள். எத்தனையாவது 'டிக்'கில் இறுகுகிறது என்று குறித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள். ஒரு பக்கம் நாலில் இறுகி, மறுபக்கம் எட்டிலும் சுற்றினால் கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. இரண்டும் ஒன்றுபோல் இறுகி, மேட்டில் மட்டும் நழுவினால், லைனிங்கின் உராய்வைச் சந்தேகிக்கலாம்.

ஹைலக்ஸ் போலப் பின்சக்கரத்தால் ஓடும் வண்டியில் இதை ஆட்டோ கியரின் 'பி'யை (பார்க்கிங்) மட்டும் நம்பிச் செய்யாதீர்கள். அவற்றில் 'பி' பூட்டுவது பின்சக்கரத்துக்குப் போகும் தண்டை. ஒரு பின்சக்கரம் தரையை விட்டு எழுந்ததும் அந்தப் பூட்டு பயனற்றுப் போய், வண்டி ஜாக்கியிலிருந்து உருண்டு இறங்கலாம். கட்டைதான் உங்கள் உயிர்.

இதுவரை பார்த்ததில்: கைப்பிடி தளர்வு இடைவெளியைக் காட்டும், கெட்டியாக இருந்தும் உருள்வது உராய்வுக் குறைவைக் காட்டும், ஒரு பக்கம் மட்டும் இறுகுவது அந்த மறுபக்கத்துக் கேபிளையோ அட்ஜஸ்டரையோ காட்டும்.

## கேபிளை ஏன் கடைசியில் தொட வேண்டும்

லைனிங் தேய்ந்து இடைவெளி கூடிய காரில் கேபிளை மட்டும் இறுக்கினால், கைப்பிடி உடனே கெட்டியாகிவிடும். ஆனால் உள்ளே என்ன நடந்தது? கைப்பிடி கீழே இருக்கும்போதும் கேபிள் ஷூக்களைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். ஷூக்கள் தம் ஓய்வு நிலைக்குப் போக முடியாது. பல கார்களில் தானியங்கி அட்ஜஸ்டர் சரியாக வேலை செய்ய, ஷூக்கள் அந்த நிலைக்குத் திரும்பியாக வேண்டும். ஆகவே தேய்மானத்தைச் சரிசெய்ய இருந்த ஒரே கருவியையும் நாமே முடக்கிவிடுகிறோம். லைனிங் மேலும் தேயும், மறுபடி தளரும், மறுபடி இறுக்குவோம். திருகில் மரை தீர்ந்துபோகும் அன்றைக்கு, "கேபிள் போச்சு, புதுசு போடணும்" என்பார்கள். கேபிள் ஒரு பாவமும் செய்திருக்காது.

அதிகமாக இறுக்கினால் இன்னொரு தொல்லையும் உண்டு. ஓட்டும்போதெல்லாம் லைனிங் டிரம்மில் உரசும். சக்கரம் சூடாகும், எரிந்த வாடை வரும், பெட்ரோல் கூடுதலாகப் போகும், கடைசியில் லைனிங் மினுமினுத்துப் பிடியும் போகும்.

சரியான வரிசை இதற்கு நேர் எதிர். முதலில் கேபிள் திருகைத் தளர்த்தி இழுப்பை முழுக்க விட வேண்டும். டிரம்மைக் கழற்றி லைனிங்கையும் கசிவையும் பார்த்து, தேய்ந்ததை மாற்றி, அட்ஜஸ்டரைச் சுத்தம் செய்து, சக்கரம் மெல்ல உரசும் அளவுக்கு ஷூவை விரித்து, பிறகு உரசல் நிற்குமளவு திருப்பி விட வேண்டும். கால் பிரேக்கைச் சில தடவை மிதித்து ஷூக்கள் இடத்தில் உட்கார்ந்த பின், கடைசியாகக் கேபிள். கையேடு சொல்லும் 'டிக்' எண்ணிக்கையில் இரண்டு சக்கரமும் இறுக வேண்டும், கைப்பிடி இறங்கியதும் இரண்டும் தடையின்றிச் சுற்ற வேண்டும்.

## "அதான் 'பி' போட்டாச்சே!"

ஆட்டோ கார் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் ஹேண்ட்பிரேக்கைத் தொடுவதே இல்லை. 'பி'யில் தள்ளினால், கியர்பெட்டிக்குள் ஒரு சிறிய இரும்புக் கொக்கி ஒரு பல்சக்கரத்தின் பள்ளத்தில் விழுந்து பூட்டிக்கொள்ளும். நல்ல பூட்டுதான், ஆனால் காரின் மொத்த இழுப்பையும் தினமும் அந்தக் கொக்கி மேல் போடுவது சரியல்ல. சரிவில் 'பி'யிலிருந்து எடுக்கும்போது 'டங்' என்று ஓர் அதிர்வு வருகிறதே, அது அந்தக் கொக்கி சுமையோடு பிடுங்கப்படும் சத்தம்.

நிறுத்தும்போது இப்படிச் செய்யுங்கள்: கால் பிரேக்கை மிதித்தபடியே நியூட்ரல், ஹேண்ட்பிரேக், அப்புறம் காலை மெல்ல விட்டுக் காரின் எடை ஹேண்ட்பிரேக்கில் உட்காரட்டும். நின்றதா? மறுபடி மிதித்து 'பி' போடுங்கள். கால் பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் இன்னும் ஓரிரு பல் ஏறும் என்பதும் தெரிந்திருக்கட்டும். மேனுவல் காராக இருந்தால் மேல்நோக்கி நிற்கும்போது முதல் கியர், கீழ்நோக்கி நிற்கும்போது ரிவர்ஸ்.

முன்சக்கரத்தைத் திருப்பி வைப்பது இன்னும் பெரிய காப்பு. நாம் சாலையின் இடப்பக்கம் நிறுத்துகிறோம். கீழ்நோக்கி நிறுத்தினால் சக்கரத்தை இடது பக்கம், அதாவது ஓரக்கல் பக்கம் திருப்புங்கள். மேல்நோக்கி நிறுத்தி, பக்கத்தில் ஓரக்கல் இருந்தால் வலது பக்கம் திருப்புங்கள், பின்னால் உருண்டால் டயர் கல்லில் முட்டி நிற்கும். ஓரக்கல்லே இல்லையென்றால் இரண்டிலும் இடது பக்கம்.

வேடிக்கை என்னவென்றால், ஹேண்ட்பிரேக்கைப் பயன்படுத்தாமல் விடுவதே அது கெடுவதற்கு ஒரு காரணம். கேபிள் அசையாமல் கிடந்தால் துரு ஏறும். காலிப்பரை நெம்பும் வகையில் உள்ளே இருக்கும் திருகும் இறுகிப்போகும். வருடக்கணக்கில் தொடாமல் இருந்துவிட்டு, ஒருநாள் மேட்டில் இழுத்தால் அது எப்படிப் பிடிக்கும்?

## இறங்கி வந்த சூடு

ஜாலான் துன் சார்டோன் வளைவுகளில் பாலேக் பூலாவ் பக்கமாக இறங்குகிறீர்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே. கீழே ஒரு சரிவில் நிறுத்துகிறீர்கள். கார் நிற்கிறது. கால் மணி நேரம் கழித்துத் தானாக நகர்கிறது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. பின்சக்கரத்தில் டிஸ்க் உள்ள கார்களில், சூட்டில் விரிந்திருந்த தட்டும், காலிப்பருக்குள் அதை அழுத்தும் பிரேக் பேடும் ஆறும்போது சுருங்கும். கவ்விய பிடி அந்த மயிரிழை அளவு தளரும். சூடாக நிறுத்தும்போது ஒரு 'டிக்' கூடுதலாக இழுத்து, கியரையும் போட்டுவிட்டு இறங்குவது இதற்காகத்தான். நீண்ட இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினை இழுக்கவிட்டால் இந்தச் சூடே பாதி வராது.

## பட்டன் வகை ஹேண்ட்பிரேக்

புரோட்டான் எக்ஸ்50, எக்ஸ்70 போன்ற கார்களில் கைப்பிடி இல்லை, ஒரு பட்டன்தான். பட்டனைத் தூக்கினால் ஒரு சிறு மின்மோட்டார் காலிப்பரை இறுக்கும். சரிவுக்கும் சூட்டுக்கும் ஏற்பக் கூடுதலாக இறுக்கும் அறிவு பலவற்றுக்கு உண்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இறுக்கும் 'ர்ர்' சத்தமும் கேட்கலாம். இதில் 'டிக்' எண்ணும் வேலை இல்லை. எச்சரிக்கை விளக்கு எரிந்தால், பேட்டரி பலவீனமாக இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பின் பிரேக் பேடு மாற்றுவதை மட்டும் தெரிந்தவரிடமே கொடுங்கள். மோட்டாரைக் கணினி வழியாகப் பின்வாங்க வைக்காமல் காலிப்பரை நெம்பினால், சிறிய வேலை பெரிய செலவாகிவிடும்.

மேட்டில் கார் பின்னால் உருளாமல் இரண்டு விநாடி பிடித்து வைக்கும் வசதியும், சிக்னலில் காலை எடுத்தாலும் நிற்கவைக்கும் வசதியும் வேறு. அவை கால் பிரேக்கின் எண்ணெய் அழுத்தத்தைப் பிடித்து வைப்பவை. அவற்றை நம்பிக் காரை விட்டு இறங்கக் கூடாது.

## பட்டறையில் என்ன சொல்வது

"ஹேண்ட்பிரேக் பிடிக்கலை" என்று மட்டும் சொன்னால் கேபிள்தான் இறுகும். பார்த்ததைச் சொல்லுங்கள்: "அண்ணே, எட்டு 'டிக்' வருது, மேல்நோக்கி நின்னா பரவாயில்லை, கீழ்நோக்கி நின்னா உருளுது, பெடல் ரெண்டாவது மிதிக்குத்தான் மேலே வருது. கேபிளைத் தொடுறதுக்கு முன்னால டிரம்மைக் கழட்டிப் பார்த்திடுங்க." இப்படிச் சொல்கிறவரிடம் யாரும் அரைகுறையாக வேலை செய்து அனுப்பமாட்டார்கள். கழற்றிய ஷூவைக் காட்டச் சொல்லிக் கேட்பதிலும் தவறில்லை.

நம் நாட்டில் சொந்தக் கார்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை கிடையாது. பழைய கார் கைமாறும்போது செய்யும் பி5 பரிசோதனையில்தான் பலருடைய ஹேண்ட்பிரேக் முதன்முறையாக உருளைமேல் ஏறி அளக்கப்படுகிறது. அங்கே இடது, வலது சக்கரங்களின் பிடி எண்ணாகவே தெரிந்துவிடும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் அதற்காகக் காத்திருக்காமல், ஓட்டிப் பார்க்கும்போதே ஒரு சரிவில் நிறுத்தச் சொல்லி 'டிக்'கை எண்ணிவிடுங்கள்.

புது ஷூ போட்ட காரில் முதல் சில நாட்கள் பிடி கொஞ்சம் குறைவாகத் தெரியலாம். லைனிங்கின் வளைவு டிரம்மின் வளைவோடு பொருந்தி உட்கார அவகாசம் வேண்டும். அதுவரை பெரிய மேடுகளில் சக்கரத்துக்கு ஒரு கட்டை வைத்துக்கொள்ளுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் பட்டறையில் ஒருமுறை காட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலும் அதற்குத் தனியாகக் காசு கேட்கமாட்டார்கள்.